ஒரே இயந்திரம், வேறு வேகம்: விரைவுப் படகுக்கு விசிறி தேர்ந்தெடுப்பது எப்படி?

மாணவர்களே, ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் இருபது அடி. இரண்டின் பின்புறத்திலும் 250 குதிரைத்திறன் கொண்ட ஒரே வகை இயந்திரம். காலையில் ஏரியில் இரண்டும் முழு விசையில் புறப்படுகின்றன. ஒன்று மணிக்கு 99 கிலோமீட்டரைத் தாண்ட மறுக்கிறது. மற்றது 107ஐத் தொடுகிறது. இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. பிறகு அந்த எட்டுக் கிலோமீட்டர் எங்கே போனது?

அமெரிக்க ஏரிகளில் இந்தக் கேள்விக்கு விடை தேடியே பலர் வார இறுதிகளைக் கழிக்கிறார்கள். அங்கே பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டி ஒரு பெரிய விளையாட்டு. அதன் புகழ்பெற்ற போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் 1971இல் லேக் மீட் நீர்த்தேக்கத்தில் தொடங்கியது. காலையில் எல்லாப் படகுகளும் ஓரிடத்திலிருந்து புறப்படும். மீன் கிடைக்கும் இடத்தை முதலில் அடைபவருக்கு வாய்ப்பு அதிகம். மாலையில் நேரம் தவறித் திரும்பினால் பிடித்த மீனின் எடையில் கழித்துவிடுவார்கள். பல போட்டிகளில் 250 குதிரைத்திறனுக்கு மேல் இயந்திரம் மாட்ட அனுமதி இல்லை. ஆகவே, பெரிய இயந்திரம் வாங்கி யாரும் முந்த முடியாது. எல்லாரிடமும் இருப்பது ஏறக்குறைய அதே இயந்திரம்தான். அதைத் தண்ணீரோடு சரியாகப் பொருத்தத் தெரிந்தவர் முந்துகிறார்.

தண்ணீரில் ஓடும் திருகு

படகின் உடலுக்குள் வைக்காமல், பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் இயந்திரத்தை அவுட்போர்ட் என்கிறோம். பூலாவ் கெத்தாம் போகும் வழியில் மீன்பிடிப் படகுகளில் பார்த்திருப்பீர்கள். மேலே இயந்திரம், அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு, அடியில் தண்ணீருக்குள் கியர்ப்பெட்டி, அதன் பின்முனையில் உந்துவிசிறி. மலாய்மொழியில் வீட்டு விசிறிக்கும் இதற்கும் ஒரே சொல்தான்: கிப்பாஸ். நாமும் இனி விசிறி என்றே சுருக்கமாகச் சொல்வோம்.

விசிறியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எடுத்துக்காட்டாக 14½ × 23. முதல் எண், விசிறி சுழலும்போது வரையும் வட்டத்தின் விட்டம். இரண்டாவது எண் பிட்ச், அதாவது புரியிடை. இரண்டும் அங்குலத்தில். ஒரு திருகாணியை மரத்தில் முறுக்கும்போது, ஒரு முழுச் சுற்றுக்கு அது குறிப்பிட்ட தூரம் உள்ளே இறங்குகிறது அல்லவா? அதே கருத்துதான். 23 அங்குலப் பிட்ச் என்றால், தண்ணீர் மரம்போல் கெட்டியாக இருந்தால் ஒரு சுற்றுக்கு விசிறி 23 அங்குலம், அதாவது 58.42 சென்டிமீட்டர் முன்னேறும் என்று பொருள்.

ஆனால் தண்ணீர் மரம் இல்லை. அது பின்னால் நகர்ந்து கொடுக்கும். அதனால் விசிறி 23 அங்குலம் போக வேண்டிய இடத்தில் 20 அல்லது 21 அங்குலம்தான் போகும். இந்தக் குறைவுக்கு நழுவல் என்று பெயர்.

நழுவல் என்றதும் அது ஒரு குற்றம், அதைப் பூச்சியமாக்கிவிட வேண்டும் என்று தோன்றும். பல படகோட்டிகளே அப்படித்தான் நினைக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, படகு முன்னே போக வேண்டுமானால் ஏதாவது ஒன்று பின்னே தள்ளப்பட வேண்டும். அந்த ஏதாவது இங்கே தண்ணீர். தண்ணீர் துளியும் பின்னால் நகரவில்லை என்றால் படகுக்கு உந்துவிசையும் இல்லை. இன்னொரு விதமாகச் சொன்னால், விசிறியின் ஒவ்வோர் இதழும் ஒரு விமானச் சிறகு. சிறகு காற்றைச் சற்றே சாய்ந்து சந்தித்தால்தான் தூக்குவிசை பிறக்கும். நழுவலே அந்தச் சாய்வை இதழுக்குத் தருகிறது. ஆகவே, நழுவல் தேவை. அளவுக்கு மீறிய நழுவல்தான் வீண். நன்கு பொருத்திய விரைவுப் படகில் அது பெரும்பாலும் 5 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்கும். சாதாரணப் படகுகளில் 10 முதல் 20 விழுக்காடு.

கணக்கு

இயந்திரமும் விசிறியும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இடையில் கியர் இருக்கிறது. கியர் விகிதம் 1.75 என்றால், இயந்திரம் 1.75 முறை சுற்றும்போது விசிறி ஒரு முறை சுற்றும். இப்போது நழுவலே இல்லாத கற்பனை வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். இயந்திரத்தின் நிமிடச் சுழற்சியைக் கியர் விகிதத்தால் வகுங்கள். அதைப் பிட்சால் பெருக்குங்கள். அங்குலத்தை மீட்டராக்க 0.0254ஆலும், நிமிடத்தை மணியாக்க 60ஆலும் பெருக்கி, கிலோமீட்டருக்காக 1000ஆல் வகுங்கள். அவ்வளவுதான்.

நம்முடைய மெதுவான படகை எடுத்துக்கொள்வோம். (இந்த எண்கள் பாடத்துக்காக நான் அமைத்தவை, ஆனால் இந்த வகைப் படகுகளில் வழக்கமாக வரும் அளவுகளே.) கியர் விகிதம் 1.75. மாட்டியிருக்கும் விசிறியின் பிட்ச் 25 அங்குலம். முழு விசையில் இயந்திரம் 5300 சுழற்சியில் நிற்கிறது. ஜிபிஎஸ் காட்டும் வேகம் 99 கிலோமீட்டர்.

5300ஐ 1.75ஆல் வகுத்தால் விசிறி நிமிடத்துக்கு 3029 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 0.635 மீட்டர். ஆகவே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1923 மீட்டர், மணிக்கு 115.4 கிலோமீட்டர். உண்மையில் கிடைத்தது 99. வேறுபாடு 16.4. இதை 115.4ஆல் வகுத்தால் நழுவல் 14.2 விழுக்காடு. விரைவுப் படகுக்கு இது அதிகம்.

இயந்திரத்தைத் தயாரித்தவர்கள், முழு விசையில் அது எந்த வரம்புக்குள் சுழல வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். நம் இயந்திரத்துக்கு 5200 முதல் 6000 என்று வைத்துக்கொள்வோம். 5300 வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் கீழ் ஓரத்தில். இது ஏன் கவலைக்குரியது?

காரில் நான்கைந்து கியர்கள் உண்டு. மேட்டில் ஏறும்போது கீழ்க் கியருக்கு மாறலாம். படகுக்கு முன்னோக்கி ஒரே ஒரு கியர்தான். பெரிய பிட்ச், மிதிவண்டியில் உயர் கியரைப் போட்டுக்கொண்டு தெருவில் கிளம்புவது போன்றது. கால் அழுத்துகிறது, சக்கரம் நகர மறுக்கிறது. இயந்திரமும் அப்படித்தான் திணறும். எரிபொருள் முழுதாக உள்ளே போகிறது. சுழற்சி மட்டும் ஏறவில்லை. வெப்பமும் அழுத்தமும் உருளைக்குள் தேங்கும். நாளடைவில் பிஸ்டன் பழுதாகும். மாறாக, பிட்ச் மிகச் சிறியதாக இருந்தால் இயந்திரம் 6000ஐத் தாண்டி அலறும். பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு விசையைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது.

அந்தப் புள்ளியை இயற்பியல் இப்படிச் சொல்கிறது. விசிறியைச் சுழற்றத் தேவைப்படும் திறன், அதன் சுழற்சியின் மும்மடியை ஒட்டி உயர்கிறது. சுழற்சி இரட்டிப்பானால் ஏறத்தாழ எட்டு மடங்கு திறன் வேண்டும். இயந்திரம் தரும் திறனோ அப்படிச் செங்குத்தாக ஏறுவதில்லை. வரைபடத்தில் இரண்டு கோடுகளையும் போட்டால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். முழு விசையில் இயந்திரம் அங்கேதான் நிற்கும். பிட்சை மாற்றுவது என்பது அந்த வெட்டும் புள்ளியை இடம் நகர்த்துவதுதான். பட்டறைகளில் ஒரு கைக்கணக்கு உண்டு: பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி 150 முதல் 200 வரை கூடும்.

சரி, உடனே 23 அங்குல விசிறியை வாங்கிவிடலாமா? பொறுங்கள். விரைவுப் படகுக்கான எஃகு விசிறி மலிவான பொருள் இல்லை. காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது.

உயரமும் சாய்வும்

கியர்ப்பெட்டி தண்ணீருக்குள் இழுபடும் ஒரு சுமை. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. மணிக்கு நூறு கிலோமீட்டரில் கியர்ப்பெட்டியின் ஓர் அங்குலப் பகுதியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாலும் இழுவை கண்கூடாகக் குறையும். இதற்காகத்தான் பாஸ் படகுகளில் பின்பலகைக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஜாக் பிளேட் என்ற தாங்கியைப் பொருத்துகிறார்கள். அது இயந்திரத்தைச் சில அங்குலம் பின்னால் தள்ளி வைக்கிறது. மேலும் கீழும் நகர்த்தவும் விடுகிறது. படகு ஓடும்போது அடிப்பகுதிக்குப் பின்னால் தண்ணீர் சற்று மேலெழும்பி வரும். பின்னால் தள்ளி வைத்த இயந்திரம் அந்த எழும்பிய தண்ணீரில் நிற்பதால் அதை இன்னும் உயர்த்த முடிகிறது.

விசிறிக்கு நேர் மேலே இயந்திரத்தில் ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துத் தொடங்குவது வழக்கம். பிறகு கால் அங்குலம் கால் அங்குலமாக உயர்த்திச் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். உயரத்தையும் விசிறியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, வேகம் கூடியதற்கு எது காரணம் என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம். அறிவியல் கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்பது இங்கே புரியும்.

உயர்த்தும்போது கண் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று, நீர் அழுத்தமானி. இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் கியர்ப்பெட்டியில் உள்ள துளைகள் வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது. துளைகள் மேலே வந்துவிட்டால் அழுத்தம் விழும், இயந்திரம் கொதித்துப்போகும். இரண்டு, சுழற்சிமானி. சுழற்சி திடீரென எகிறி, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் விசிறி காற்றைப் பிடிக்கிறது என்று பொருள். ஒரு படி இறக்கிவிடுங்கள்.

இயந்திரத்தின் சாய்வை ட்ரிம் என்பார்கள். விசிறியை வெளிப்பக்கம் சாய்த்தால் படகின் மூக்கு உயரும், தண்ணீரைத் தொடும் பரப்பு குறையும், உராய்வு குறையும். அளவு மீறினால் மூக்கு தவளைபோல் எழுந்து விழுந்து துள்ளும். சிறிது உள்ளே இழுத்தால் துள்ளல் நின்றுவிடும்.

நம் படகில் இயந்திரத்தை ஓர் அங்குலம் உயர்த்தி, சாய்வையும் சரிபார்த்தால் 5450 சுழற்சி, 105 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று கொள்வோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கற்பனை வேகம் 118.7; நழுவல் 11.5 விழுக்காடு. ஒரு காசும் செலவழிக்காமல் ஆறு கிலோமீட்டர் கூடிவிட்டது.

குளிர்ந்த தண்ணீர் கொதிப்பது

விசிறி காற்றைப் பிடிப்பதையும், விசிறியில் குமிழிகள் தோன்றுவதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவதில் மேலேயிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. இரண்டாவது, கேவிட்டேஷன் என்பது, கேட்டால் நம்புவதற்குக் கடினமானது: சாதாரண வெப்பநிலையில் இருக்கும் ஏரித் தண்ணீர் விசிறியின் இதழில் கொதிக்கிறது.

கேமரன் மலையில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும், ஏனென்றால் அங்கே காற்றழுத்தம் குறைவு. அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போனால் 30 பாகைத் தண்ணீரும் கொதிக்கும். வேகமாகச் சுழலும் இதழின் முன்பக்கத்தில் அழுத்தம் அந்த அளவுக்கு விழுகிறது. ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன. சற்று நகர்ந்து அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் அவை உள்நோக்கி வெடித்து நொறுங்குகின்றன. அந்தச் சின்னஞ்சிறு அடிகள் உலோகத்தையே அரித்துக் குழி பறித்துவிடும்.

இதை முதலில் பாடுபட்டு அறிந்தவர்களில் ஒருவர் சார்லஸ் பார்சன்ஸ். நவீன நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த ஆங்கிலோ-ஐரிஷ் பொறியாளர். அதைக் கப்பலில் ஓட்டிக் காட்ட 1894இல் டர்பீனியா என்ற கலத்தைக் கட்டினார். சுழலி அபாரமாகச் சுற்றியது. கப்பல் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. விசிறி குமிழிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. பார்சன்ஸ் 1895இல் ஒரு சிறு தொட்டி செய்து, அதற்குள் விசிறியைச் சுழலவிட்டு, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் குமிழிகளை நேரிலேயே பார்த்தார். பிறகு ஒரே தண்டின் சுமையை மூன்று தண்டுகளுக்குப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் மூன்று விசிறிகள், மொத்தம் ஒன்பது. 1897இல் விக்டோரியா அரசியாரின் ஆட்சி வைரவிழாவில், போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்ற ஸ்பிட்ஹெட் கடலில் டர்பீனியா 30 கடல்மைலுக்கும் அதிகமான வேகத்தில் புகுந்து ஓடியது. கடற்படையில் அதைத் துரத்திப் பிடிக்க ஒரு கலமும் இல்லை. அந்தக் கப்பல் இன்றும் நியூகாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதழ்களின் வடிவம்

இன்றைய விசிறியில் ஒரே பிட்சிலும் பல வேறுபாடுகள் உண்டு. அலுமினிய இதழ் தடிப்பாக இருக்க வேண்டும், அழுத்தத்தில் சற்று வளைந்தும் கொடுக்கும். துருப்பிடிக்காத எஃகை மெல்லியதாகச் செய்யலாம், வடிவம் மாறாது. அதனால் விரைவுப் படகுகளில் எஃகுதான். மூன்று இதழ் விசிறி பெரும்பாலும் உச்ச வேகத்தில் முந்தும். நான்கு இதழ் விரைவாகக் கிளம்பும், வளைவில் பிடியை விடாது, படகின் பின்புறத்தைத் தூக்கிப் பிடிக்கும். இதழின் பின் ஓரத்தைக் கரண்டிபோல் லேசாக மடித்திருப்பார்கள். அந்த மடிப்பு தண்ணீரை இறுகப் பிடிக்கிறது. இயந்திரத்தை உயர்த்தி வைத்தாலும் காற்றுக்கு எளிதில் இடங்கொடுக்காது. இதழ்கள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் மூக்கு உயரும். முன்பாரம் அதிகமான படகுக்கு அது உதவும். ஏற்கெனவே மூக்கு தூக்கி ஓடும் படகுக்கு அதுவே தொல்லை.

நம் படகுக்கு 23 அங்குல எஃகு விசிறியை மாட்டுகிறோம். இரண்டு அங்குலம் குறைந்ததால் சுழற்சி 300 முதல் 400 வரை கூட வேண்டும். 5800 வருகிறது, வேகம் 104.5. முன்பைவிட அரைக் கிலோமீட்டர் குறைவு! ஆனால் நழுவல் 10 விழுக்காடாக இறங்கியிருக்கிறது, படகு துள்ளிக் கிளம்புகிறது, இயந்திரம் திணறவில்லை. மேலும் அரை அங்குலம் உயர்த்துகிறோம். 5900 சுழற்சி. கற்பனை வேகம் 118.2, ஜிபிஎஸ் 107.5. நழுவல் 9 விழுக்காடு. பிட்சைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறோம். பெரிய எண் போட்ட விசிறியே வேகமானது என்று எண்ணி வாங்குபவர்கள் இந்த வரியை இருமுறை படிக்கலாம்.

சோதனை நாளில் ஒரு சூழ்ச்சியும் கூடாது. தனியாளாக, கால் தொட்டி எரிபொருளோடு ஓட்டி எடுத்த எண்ணால் பயனில்லை. போட்டியில் இருவர், முழுத் தொட்டி, மீன் உயிரோடு இருக்கத் தண்ணீர் நிறைந்த பெட்டி, தூண்டில்கள் எல்லாம் இருக்கும். அந்தப் பாரத்தோடுதான் சோதிக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த காற்றில் அடர்த்தி குறைவு. இயந்திரத்துக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. குளிர்காலக் காலையில் கச்சிதமாக இருந்த விசிறி, கோடை நண்பகலில் சற்றுப் பெரிதாகிவிட்டது போல் தோன்றும்.

உயரத்தையும் வேகத்தையும் கூட்டக் கூட்ட, தண்ணீரைத் தொடும் பரப்பு சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் படகு அடிமுனையின் சிறு பகுதியில் மட்டும் நின்று ஓடும். அப்போது அது இடமும் வலமுமாக மாறி மாறிச் சாயத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் முந்தையதைவிடப் பெரிதாகும். அனுபவமில்லாதவர் ஸ்டியரிங்கைத் தாமதமாகத் திருப்பித் திருப்பி ஆட்டத்தை வளர்த்துவிடுவார். படகு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். விசையைச் சீராகக் குறைப்பதே வழி. ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் ஆளில்லாப் படகு வட்டமடித்துத் திரும்பி வந்து, நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே விசிறியால் அவரையே தாக்கலாம். இதனால்தான் ஓட்டுநரின் உடலோடு இயந்திரத்தின் நிறுத்து பொத்தானை இணைக்கும் ஒரு கயிறு இருக்கிறது. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் அணைந்துவிடும். இந்த வசதியுள்ள, 26 அடிக்குக் குறைந்த படகுகளில் விரைந்து செல்லும்போது இதை மாட்டியிருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு: கியர் விகிதம் 1.85. பிட்ச் 21 அங்குலம். முழு விசையில் 5750 சுழற்சி. ஜிபிஎஸ் வேகம் 92 கிலோமீட்டர். நழுவல் எவ்வளவு? 7.5 விழுக்காடு வந்தால் சரி. அதே படகில் வேறொருவர் விசிறியை மாற்றிவிட்டு, நழுவல் கழித்தல் 3 விழுக்காடு என்று கொண்டுவந்து பெருமைப்பட்டால் நம்பாதீர்கள். விசிறியில் பொறித்த பிட்சோ, அவர் எடுத்துக்கொண்ட கியர் விகிதமோ, சுழற்சிமானியோ பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?